வீடியோ பிராசஸருடன் பிளேயர், செட்டாப் பாக்ஸ், கேம் கன்சோல், பழைய விசிஆர் இணைப்பது: முதல்முறை செய்பவர்களுக்கு

பல கருவிகளின் படத்தை வாங்கித் திரைக்கு ஏற்பச் சீராக்கி அனுப்புவது வீடியோ பிராசஸர். அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பின்பக்கத்தைப் பார்த்தால் வேலை சுலபம் என்றுதான் தோன்றும். எல்லாத் துளையும் ஒன்றுபோல இருக்கிறது, கேபிளும் ஒன்றுபோல இருக்கிறது, செருகினால் முடிந்தது. செருகுவது உண்மையிலேயே சுலபம்தான். அதன் பிறகுதான் ஒரு கருவியில் படமே வராது, இன்னொன்றில் வந்த படம் வெளுத்துப்போயிருக்கும், மூன்றாவதில் வாய் அசைந்து முடிவதற்குள் வசனம் கேட்டுவிடும். மெனு மெனுவாகத் தேடி ஒவ்வொன்றாகச் சரிசெய்த பிறகு எழுதுகிறேன். நீங்கள் அந்த அலைச்சல் படவேண்டாம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்குக் காரணம், படத்தை மாற்றும் வேலையை இரண்டு மூன்று பெட்டிகள் போட்டி போட்டுச் செய்வது. பிளேயர் ஒருமுறை பெரிதாக்கும், ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் ஒருமுறை தொடும், டிவி கடைசியில் இன்னொருமுறை கை வைக்கும். பிராசஸர் வாங்கியதே அந்த வேலையை அது மட்டும் செய்யட்டும் என்றுதான். மற்ற பெட்டிகள் தங்களிடம் இருப்பதை இருக்கிறபடியே அனுப்பினால் போதும்.

1. கேபிளைத் தொடுமுன் ஒரு பட்டியல்

ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: கருவி, அதன் வெளியீட்டு இணைப்பு, அதிகபட்ச ரெசல்யூஷன், எச்டிசிபி (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) பதிப்பு, ஒலி போகும் வழி. இதற்கான விவரமெல்லாம் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். மேனுவல் தொலைந்திருந்தால் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பிடிஎஃப் எடுத்துக்கொள்ளுங்கள். டிவி அல்லது புரொஜெக்டர், ரிசீவர் இரண்டையும் இந்தப் பட்டியலில் சேர்க்க மறக்க வேண்டாம்.

எச்டிசிபி கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். 4கே டிஸ்க், 4கே ஸ்ட்ரீமிங் இரண்டுக்கும் வழியிலுள்ள எல்லாப் பெட்டியிலும் எச்டிசிபி 2.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். நடுவில் ஒரே ஒரு பழைய ரிசீவர் 1.4-இல் நின்றாலும் திரை கறுப்பாகும், இல்லையென்றால் சத்தமில்லாமல் 1080பி-க்கு இறங்கிவிடும். இரண்டாவதுதான் மோசம். படம் ஓடிக்கொண்டே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

ஒரே கருவியில் உள்ள எச்டிஎம்ஐ துளைகளும் சமமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். பல டிவிகளிலும் ரிசீவர்களிலும் ஒன்றிரண்டு துளைகள்தான் முழு வேகத்தையும் ஏற்கும். அந்தத் துளையிலும் முழு சிக்னலை ஏற்கும் வசதி மெனுவில் அணைக்கப்பட்டே வருவதுண்டு. என்ஹான்ஸ்டு, டீப் கலர் என்று ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. அதைத் தேடிப்பிடித்து இயக்குங்கள்.

எல்லாவற்றையும் அலமாரியில் ஏற்றுமுன் சீரியல் நம்பர் ஒட்டிய பக்கத்தையும் பில்லையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டிக்காகக் கேட்கும் அன்று அந்த எண் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும்.

2. ரிசீவர் முன்னாலா, பின்னாலா

இரண்டு வழி உண்டு. கருவிகளெல்லாம் நேராகப் பிராசஸருக்குப் போய், அதன் ஒரு அவுட்புட் திரைக்கும் இன்னொன்று ஒலிக்காக ரிசீவருக்கும் போவது ஒன்று. கருவிகள் ரிசீவருக்குப் போய், அங்கிருந்து ஒரே கேபிளில் பிராசஸருக்கும் பிறகு திரைக்கும் போவது இன்னொன்று.

உங்கள் பிராசஸரில் போதுமான இன்புட்டும் இரண்டு அவுட்புட்டும் இருந்தால் முதல் வழியே நல்லது. ஒவ்வொரு இன்புட்டுக்கும் தனித்தனி செட்டிங் வைக்கலாம், ரிசீவர் படத்தைத் தொடவே தொடாது. ரிசீவர் பழையது என்றால் மட்டும், காப்புரிமைப் பூட்டுள்ள 4கே ஓடும்போது இரண்டாவது அவுட்புட் என்ன செய்யும் என்று மேனுவலில் படித்துவிடுங்கள்.

இன்புட் போதவில்லை என்றால் இரண்டாவது வழி. அப்போது ரிசீவரின் வீடியோ மெனுவுக்குள் போய், படத்தைப் பெரிதாக்கும் அப்ஸ்கேலிங்கை முழுதாக அணைக்க வேண்டும். பைபாஸ், டைரக்ட், பாஸ்த்ரூ என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். எல்லாக் கருவியும் ஒரே வாசல் வழியாக வருவதால் பிராசஸருக்கு எது பிளேயர், எது செட்டாப் பாக்ஸ் என்று தெரியாது. சிக்னலின் ரெசல்யூஷனை வைத்துத்தான் செட்டிங்கைப் பிரிக்க முடியும்.

3. கேபிள்: எங்கே செலவு, எங்கே மிச்சம்

அலமாரிக்குள் ஓடும் குட்டைக் கேபிளுக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். விலை கூடிய எச்டிஎம்ஐ கேபிள் நிறத்தை அழகாக்காது. தேவையான வேகத்தைத் தாங்குகிறதா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி. எச்டிஎம்ஐ 1.4 விநாடிக்கு 10.2 கிகாபிட் வரை போகும், 2.0 அதை 18 ஆக்கியது, 2.1-இல் 48. சாதாரண 4கே எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் வித்தியாசம் கூடிய படம்) வேலைக்கு 18 போதும். 4கே படத்தை விநாடிக்கு 120 ஃபிரேமில் ஓட்டும் கன்சோல் இருந்தால் மட்டும் 48-ஐ யோசியுங்கள். உறையில் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் சான்று லேபிள் இருக்கும் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். பிரீமியம் ஹை ஸ்பீட் என்றால் 18, அல்ட்ரா ஹை ஸ்பீட் என்றால் 48.

பணம் போக வேண்டிய இடம் புரொஜெக்டருக்குப் போகும் நீளக் கேபிள். நான்கைந்து மீட்டரைத் தாண்டினால் சாதாரண செம்புக் கேபிளில் 18 கிகாபிட் தடுமாற ஆரம்பிக்கும். ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ கேபிள் அந்தத் தூரத்தை எளிதாகத் தாண்டும். ஆனால் அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறுமுனையில் டிஸ்பிளே என்றும் அச்சிட்டிருக்கும். மாற்றிப் போட்டால் படம் வராது. அதைக் கண்டுபிடிப்பது கேபிளைச் சுவருக்குள் இழுத்து, பூச்சும் முடிந்த பிறகாக இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் வாங்கியதும் தரையிலேயே விரித்துப் போட்டு, 4கே எச்டிஆர் சிக்னலை 60 ஹெர்ட்ஸில் ஒரு முழு மாலை ஓட்டிப் பாருங்கள். இருண்ட காட்சியில் வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ, அவ்வப்போது திரை ஒரு நொடி அணைந்து வந்தாலோ கேபிள் எல்லையில் நிற்கிறது என்று அர்த்தம். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். தேறிய பிறகுதான் சுவருக்குள் இழுப்பது. இழுக்கும்போது கூர்மையாக மடக்காதீர்கள், உள்ளே இருப்பது இழை.

4. முதலில் ஒரே ஒரு கருவி

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செருகிவிட்டு ரிமோட்டைத் தேடுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. ஒன்று கெட்டால் எது கெட்டது என்று தெரியாது. திரை, பிராசஸர், ஒரு பிளேயர், மூன்று மட்டும் இருக்கட்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டு இணையுங்கள். பிறகு திரை, ரிசீவர் இருந்தால் ரிசீவர், பிராசஸர், கடைசியாகப் பிளேயர் என்ற வரிசையில் இயக்குங்கள்.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு திரையும் தன்னால் எந்தெந்த ரெசல்யூஷனைக் காட்ட முடியும் என்ற சிறு தகவல் தொகுப்பைத் தன்னிடம் வைத்திருக்கும். ஈடிஐடி என்பார்கள். முன்னால் இருக்கும் பெட்டி அதைப் படித்துத்தான் என்ன அனுப்புவது என்று முடிவுசெய்யும். திரை விழிக்கும் முன் பிளேயர் கேட்டுவிட்டால் சிலசமயம் தவறான பதில் கிடைத்து, அது தாழ்ந்த ரெசல்யூஷனிலேயே நின்றுவிடும். கருவிகளுக்குப் பிராசஸர் தன் சொந்த ஈடிஐடி-யைத்தான் காட்டும். அதை மெனுவில் இன்புட் வாரியாக மாற்றலாம். இந்த வசதி எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள், பின்னால் கைகொடுக்கும்.

பிராசஸரின் அவுட்புட்டைத் திரையின் உண்மையான ரெசல்யூஷனுக்கு வையுங்கள். ஃபிரேம் வேகத்தை மட்டும் வருகிறபடியே விடுங்கள்: 24 வந்தால் 24, 50 வந்தால் 50, 60 வந்தால் 60. 18 கிகாபிட் வழியில் 4கே 60 ஹெர்ட்ஸ் எச்டிஆர் அனுப்பும்போது நிறத்தை முழுதாக அனுப்பும் 10 பிட் ஆர்ஜிபி அடங்காது, நிற விவரத்தைப் பாதியாக்கி அனுப்பும் 4:2:2 அடங்கும். மெனுவில் 4:2:2-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதிப் பேருக்குக் கறுப்புத் திரைப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

சிக்னல் மாறும்போதெல்லாம் திரை சில நொடிகள் கறுத்துத்தான் திரும்பும். பெட்டிகள் தங்களுக்குள் பேசி முடிக்கும் நேரம் அது. அந்த இடைவெளியில் பதறிக் கேபிளைப் பிடுங்காதீர்கள், பேச்சு முதலிலிருந்து தொடங்கும்.

5. டிஸ்க் பிளேயர்

பிளேயரின் மெனுவில் ரெசல்யூஷனை ஆட்டோ என்று விட்டால் அது 4கே-க்கு உயர்த்தித்தான் அனுப்பும். சோர்ஸ் டைரக்ட் என்ற தேர்வு இருந்தால் அதை எடுங்கள். டிவிடி 480ஐ அல்லது 576ஐ ஆகவும், புளூரே 1080பி 24 ஆகவும், 4கே டிஸ்க் அப்படியேயும் பிராசஸருக்கு வந்து சேரும். எண் படத்தின் வரிகளைக் குறிக்கும்; ஐ என்றால் பாதிப் பாதிப் படமாக, பி என்றால் முழுப் படமாக. டிவிடியில் வித்தியாசம் உடனே கண்ணில் படும். விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த சினிமாவை 480ஐ-க்காக 60 பாதிப் படங்களாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அதைத் திரும்ப 24 ஆகக் கோர்ப்பதில் பிராசஸரும் பிளேயரும் ஒரே தரமில்லை. படிக்கட்டு, கிரில் கம்பி, சாய்ந்த கூரை விளிம்பு ஆகியவற்றில் கேமரா நகரும்போது பாருங்கள், பற்கள்போல நெளிந்தால் கோர்ப்பு தவறுகிறது.

இன்னொரு பொறி: பிளேயரில் டிவி வடிவம் 4:3 என்று இருந்தால், அகலத்திரை டிவிடியை அதுவே மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டுச் சுருக்கி அனுப்பும். நான்கில் ஒரு பங்கு வரிகள் அங்கேயே போய்விடும். 16:9 என்று வைத்துவிடுங்கள்.

டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகையைக் கையாளாத பிராசஸர்கள் நிறைய. 4கே டிஸ்க்கில் டால்பி விஷன் இருந்தாலும் அடியில் அடிப்படை எச்டிஆர் வகையான எச்டிஆர்10 கட்டாயம் இருக்கும். ஈடிஐடி-யில் டால்பி விஷனை எடுத்துவிட்டால் பிளேயர் எச்டிஆர்10-ஐ அனுப்பும், பிரகாசத்தைத் திரைக்கு ஏற்பப் பிராசஸர் அமைத்துக்கொள்ளும். பிரகாசம் குறைந்த புரொஜெக்டருக்குப் பெரும்பாலும் இதுதான் அழகாகவும் இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

6. செட்டாப் பாக்ஸ், ஸ்ட்ரீமிங் பெட்டி

செட்டாப் பாக்ஸில் நேட்டிவ் என்ற தேர்வு இருந்தால் சேனல் எப்படி வருகிறதோ அப்படியே அனுப்பும். ஆனால் ஒவ்வொரு சேனல் மாற்றத்துக்கும் திரை கறுக்கும். வீட்டில் இருப்பவர்கள் பொறுக்கமாட்டார்கள் என்றால் 1080ஐ-யில் நிறுத்துங்கள். எச்டி சேனல்களில் பல அப்படித்தான் ஒளிபரப்பாகின்றன.

ஸ்ட்ரீமிங் பெட்டியில் வேறு விதம். அதை எப்போதும் எச்டிஆர், எப்போதும் 60 ஹெர்ட்ஸ் என்று விட்டால், சாதாரணப் படத்தையும் வலிந்து எச்டிஆர் ஆக்கும், 24 ஃபிரேம் சினிமாவையும் 60-க்கு இழுக்கும், கேமரா நகரும் காட்சி திக்கித் திக்கிப் போகும். ஆப்பிள் டிவி 4கே-யில் அடிப்படை வடிவத்தை 4கே எஸ்டிஆர் (எச்டிஆர் இல்லாத சாதாரணப் படம்) என்று வைத்து, மேட்ச் கன்டென்ட் என்ற பகுதியில் இரண்டு தேர்வுகளையும் இயக்குங்கள். மற்றவற்றிலும் ஃபிரேம் வேகத்தைப் பொருத்தும் தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். சில ஆப்கள் அதை மதிப்பதில்லை, அதற்கு நம்மால் ஆவது ஒன்றுமில்லை.

குச்சி வடிவக் கருவி என்றால் அதனுடன் வந்த அடாப்டரிலேயே மின்சாரம் கொடுங்கள். ஏதோ ஒரு யுஎஸ்பி துளையில் செருகினால் பாதிப் படத்தில் அணைந்து மீளும்.

7. கணினியும் கேம் கன்சோலும்

பிராசஸர் படத்தைச் செதுக்க நேரம் எடுக்கும். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி. இரண்டு ஃபிரேம் தாமதம் சினிமாவில் தெரியாது, ஓட்டப்பந்தய விளையாட்டில் கை உடனே உணரும். கேம் மோடு இருந்தால் அந்த இன்புட்டுக்கு மட்டும் இயக்குங்கள். மாறும் ஃபிரேம் வேகத்தைப் பயன்படுத்தும் புதிய கன்சோல் என்றால் நேராக டிவிக்கே கொடுத்துவிட்டு, ஒலியைத் திருப்பி அனுப்பும் டிவியின் ஈ-ஆர்க் துளையிலிருந்து ரிசீவருக்கு ஒரு தனிக் கேபிள் போடுங்கள். எல்லாம் பிராசஸர் வழியாகத்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மடிக்கணினியில் யுஎஸ்பி-சி துளை இருந்தாலே படம் வந்துவிடாது. சிலவற்றில் அந்தத் துளை சார்ஜுக்கும் ஃபைலுக்கும் மட்டும்தான். வாங்குமுன் மேனுவலைப் பாருங்கள்.

8. பழைய அனலாக் கருவிகள்

இங்கேதான் நேரம் போகும். இப்போது வரும் பிராசஸர்களில் பலவற்றில் எச்டிஎம்ஐ மட்டுமே இருக்கிறது, விசிஆரையும் லேசர்டிஸ்க்கையும் (டிவிடிக்கு முன் வந்த பெரிய வட்டு) இணைக்க இடையில் ஒரு மாற்றி வேண்டும். மாற்றிகள் ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐ-யிலிருந்து கம்போனென்ட்டுக்கு (படத்தை மூன்று கேபிள்களில் அனுப்பும் அனலாக் இணைப்பு) போவது வேறு, கம்போனென்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு வருவது வேறு. உறையில் அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். மலிவான மாற்றிகள் வந்ததையெல்லாம் 1080பி-க்கு ஊதி, 4:3 படத்தை இழுத்து அகலமாக்கித் தரும். முதலில் சொன்ன போட்டி வேலை இங்கேயும் நடக்கிறது. 480ஐ அல்லது 576ஐ-யை அப்படியே வெளியே தரும் மாற்றிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், தப்பில்லை.

கம்போனென்ட் கேபிளில் பச்சை, நீலம், சிவப்பு மூன்றும் படத்துக்கு. பக்கத்திலேயே ஒலிக்கு வெள்ளையும் இன்னொரு சிவப்பும் இருக்கும். இந்த இரண்டு சிவப்புகள்தான் எல்லோரையும் ஏமாற்றுவது. படத்தைப் பார்த்தே தவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். படம் கறுப்புவெள்ளையில் வந்தால் பச்சை மட்டும்தான் சரியாகச் சேர்ந்திருக்கிறது. முகங்கள் நீலம் பாய்ந்து வந்தால் நீலமும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. படமே இல்லையென்றால் பச்சையில் தொடர்பு இல்லை, ஏனென்றால் படத்தை நிலைநிறுத்தும் சிங்க் அதில்தான் வருகிறது. இங்கே கேபிளின் தரம் கணக்கில் வரும், 75 ஓம் கேபிளாக இருக்கட்டும். ஒலிக்கான கேபிளைப் போட்டு ஒப்பேற்ற வேண்டாம்.

எஸ்-வீடியோ நான்கு மெல்லிய ஊசிகள் கொண்டது. அடையாளத் தடத்தைப் பார்த்து நேராகத் தள்ளுங்கள். திருகிச் செருகினால் ஊசி மடங்கும், நிமிர்த்தினால் உடையும். விசிஆரில் எஸ்-வீடியோ அவுட்புட் இருந்தால் ஒளியையும் நிறத்தையும் ஒரே கம்பியில் கலந்து அனுப்பும் மஞ்சள் கம்போசிட்டைவிட அதுவே மேல், ஏனென்றால் நாடாவிலேயே ஒளியும் நிறமும் தனித்தனியாகப் பதிந்திருக்கின்றன. லேசர்டிஸ்க்கில் கதை தலைகீழ். டிஸ்க்கில் பதிந்திருப்பதே கம்போசிட். எஸ்-வீடியோவில் எடுத்தால் நிறத்தைப் பிரிக்கும் வேலையைப் பிளேயர் செய்கிறது, கம்போசிட்டில் எடுத்தால் மாற்றி செய்கிறது. இரண்டையும் போட்டுப் பார்த்து, சட்டைக் கோடுகளில் வானவில் குறைவாகத் தெரிவதை வைத்துக்கொள்ளுங்கள்.

விசிஆர் படத்தின் மேல் விளிம்பு கொக்கியாக வளைந்தாலோ பிராசஸர் அடிக்கடி சிக்னலை இழந்தாலோ கேபிளைக் குறை சொல்லாதீர்கள். நாடா ஓட்டம் சீராக இல்லாததால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்பின்னாக வருகிறது. டைம் பேஸ் கரெக்டர் உள்ள விசிஆரோ, வெளியே வைக்கும் கரெக்டரோ வேண்டும். படத்தின் அடியில் கிழிந்தாற்போல் ஓடும் சில வரிகள் எல்லா நாடாவிலும் இருப்பவைதான், பிராசஸரில் கீழ் ஓரத்தைச் சற்று வெட்டிவிடுங்கள்.

பழைய கன்சோல்களில் பல, 240 வரிகளை முழுப் படமாக அனுப்பும் 240பி சிக்னல் தருபவை. சாதாரண மாற்றி அதை 480ஐ என்று எண்ணிக்கொண்டு கலக்கிவிடும், எழுத்துகள் நடுங்கும். ரெட்ரோடிங்க் போல அதற்கென்றே செய்த மாற்றி தேவைப்படும்.

இணைத்ததும் படத்தில் மங்கலான பட்டை ஒன்று மெல்ல மேலேறிக்கொண்டே இருந்தால் அது எர்த் வேறுபாடு. எல்லாக் கருவியையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

9. கறுப்பு கறுப்பாக இருக்கிறதா

வீடியோக் கருவிகள் கறுப்பை 16 என்றும் வெள்ளையை 235 என்றும் அனுப்பும். கணினி 0 முதல் 255 வரை அனுப்பும். அனுப்புவது ஒன்று, எதிர்பார்ப்பது ஒன்று என்றால் கறுப்பு சாம்பலாகும் அல்லது நிழல் விவரமெல்லாம் மையாக அப்பிவிடும். புரொஜெக்டர் என்றால் அரை மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு, இருட்டறையில், கறுப்புப் பட்டை உள்ள சோதனைப் படத்தை ஒவ்வொரு இன்புட்டிலும் போடுங்கள். கறுப்பைவிடச் சற்று வெளிச்சமான பட்டை மட்டும் மங்கலாகத் தெரிய வேண்டும். தவறு இருந்தால் கருவியின் மெனுவிலோ பிராசஸரின் இன்புட் மெனுவிலோ, ஒரே இடத்தில் மட்டும் மாற்றுங்கள். டிவியின் பிரைட்னஸைத் திருகி ஒரு கருவியைச் சரிசெய்தால் மற்ற எல்லாம் கெடும்.

10. உதடும் குரலும்

பிராசஸர் எடுக்கும் தாமதம் ஃபிரேம் கணக்கில் வருவது. ஒரு ஃபிரேம் 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லிநொடி என்றால் 24-இல் 41.7. அதனால்தான் செய்தி சேனலில் சரியாக இருக்கும் உதடு சினிமாவில் பிசகும். ரிசீவரின் ஆட்டோ லிப் சிங்க்கை நம்பிக்கொண்டிருக்காமல், கைதட்டும் காட்சி ஒன்றை வைத்து ஒலியை எவ்வளவு தாமதிக்க வேண்டும் என்று 24-க்கு ஒரு அளவும் 60-க்கு ஒரு அளவும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதத்தைப் பிராசஸரிலோ ரிசீவரிலோ ஏதாவது ஒன்றில் மட்டும் கொடுங்கள்.

11. சேமிப்பு, லேபிள், அப்டேட்

ஒவ்வொரு கருவி சேர்ந்ததும் பிராசஸரின் சேவ் கட்டளையைக் கொடுங்கள். சில மாடல்களில் சேமிக்காத மாற்றங்கள் மின்சாரம் போனதும் மறைந்துவிடும். முழுதும் முடிந்த பிறகு கான்ஃபிகரேஷன் ஃபைலைக் கணினியில் ஒரு பிரதி எடுங்கள். கேபிளின் இரண்டு முனையிலும் கருவியின் பெயரை ஒட்டுங்கள், ஒரு முனையில் மட்டும் ஒட்டினால் பயனில்லை. ஒரு கருவி மற்றதை எச்டிஎம்ஐ வழியே இயக்கும் சிஇசி வசதியை எல்லாக் கருவியிலும் அணைத்துவிட்டு, வேண்டுமானால் ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். எல்லாம் இயங்கினால் ஒரு பெட்டி விழிக்கும்போது மற்றவையும் விழித்து இன்புட்டை மாற்றிவிடும்.

நேரம் எவ்வளவு ஆகும்? எச்டிஎம்ஐ கருவிகள் மட்டும் என்றால் ஒரு நாள் பகல் போதும். அனலாக் இருந்தால் வார இறுதி முழுவதும் ஒதுக்குங்கள். ஃபர்ம்வேர் அப்டேட்டை இந்த வேலைக்கு முன்பே முடித்துவிடுங்கள். அதன் பிறகு வரும் அப்டேட்டுகளுக்கு அவசரம் வேண்டாம். பிரதி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விருந்தாளிகள் யாரும் படம் பார்க்க வராத நாளாகப் பார்த்துச் செய்யுங்கள்.